ஒரு ஹரி, இரண்டு ஹரி

1

என் மகள் ஆரணி இந்த வருடம் மெல்பர்னில் படிக்கிற பாடமும், அவள் வயதில் நான் மாத்தளையில் படித்த பாடமும் ஒன்றுதான். எங்கள் வகுப்பு வாசலில் ‘முறைமைப் பகுப்பாய்வும் வடிவமைப்பும்’ என்று மூன்று மொழியிலும் பலகை தொங்கியது. முழுதாகச் சொல்லி முடிக்க மூச்சு வேண்டும் என்பதால் நாங்கள் சிஸ்டம்ஸ் வகுப்பு என்போம். ஊரில் பலர் அதைக் கம்பியூட்டர் திருத்துகிற படிப்பு என்று நினைத்தார்கள். இன்றைக்கும் அப்படித்தான் நினைப்பார்கள் போல. விஷயம் வேறு. ஒரு கடையிலோ கந்தோரிலோ வேலை எப்படி நடக்கிறது என்று முதலில் போய்ப் பார்க்க வேண்டும். அங்கே இருக்கிறவர்களிடம் கேட்க வேண்டும். கேட்டதையும் பார்த்ததையும் கடதாசியில் படமாக வரைய வேண்டும். அதில் எதைக் கம்பியூட்டரிடம் கொடுக்கலாம், எதை மனிதர் கையிலேயே விட்டுவிடலாம் என்று தீர்மானிக்க வேண்டும். கம்பியூட்டரைத் தொடுவது எல்லாவற்றுக்கும் கடைசியில்தான்.

ஆக, ஆரணிக்கு உதவி வேண்டுமென்றால் வீட்டிலேயே ஆள் இருக்கிறது. குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டு நான் நிற்கிறேன். அவள் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இன்னும் கடதாசியிலேயே நடக்கிற சின்ன வியாபாரம் ஒன்றைத் தேடிப் பிடித்து அதற்கு ஒரு சிஸ்டம் வடிவமைக்க வேண்டும், அதுதான் அவளுக்குக் கொடுத்த வேலை. இந்த நாட்டில் அப்படி ஒரு வியாபாரத்துக்கு எங்கே போவது? இங்கே முடி வெட்டுகிற கடையில்கூட உட்காரும் முன்பே உங்கள் பெயரைத் தட்டிவிடுகிறார்கள். என்ன செய்யப் போகிறாளோ, எப்படியும் என்னிடம்தான் வருவாள் என்று நான் காத்திருந்தேன். வந்தாள். கேட்க வரவில்லை, அறிவிக்க வந்தாள்.

“அம்மா, நான் நஸீமா ஆண்டியோட ஸ்பைஸ் கார்டனைச் செய்யப் போறேன். பலாபத்வல. ஆண்டி ஓகே சொல்லிட்டாங்க.”

நஸீமா என்னோடு அதே சிஸ்டம்ஸ் வகுப்பில் படித்தவள். பல வருடங்களாக எங்களுக்குள் பேச்சு இல்லை. ஆறு மாதத்துக்கு முன் இன்டர்நெட்டில் எப்படியோ என்னைக் கண்டுபிடித்து, “சுகந்தி, நீதானா?” என்று ஒரு வரி அனுப்பியிருந்தாள். என்ன பதில் எழுதுவது என்று தெரியாமல் அதைத் திறந்தபடியே விட்டிருந்தேன். ஆரணி அதைப் பார்த்துவிட்டு, ‘நான் அவங்களோட மகள்’ என்று தானாகவே பதில் போட்டிருக்கிறாள். அதிலிருந்து இருவருக்கும் ஒரே கொண்டாட்டம்.

எனக்கு வயிறு எரிந்தது. இதை நாகரிகமாகச் சொல்ல வேறு வார்த்தை இருக்கலாம், நான் தேடவில்லை.

2

நஸீமாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். நியாயமாகச் சொல்வேன் என்று எதிர்பார்க்காதீர்கள்.

என் அப்பா யாழ்ப்பாணத்துக்காரர். மாத்தளைக் கச்சேரிக்கு, அதாவது மாவட்ட அரசாங்க அலுவலகத்துக்கு, மாற்றலாகி வந்தவர் திரும்பிப் போகவில்லை. நஸீமாவின் வாப்பாவுக்கு மாத்தளையில் துணிக்கடை. அவர்கள் எத்தனையோ தலைமுறையாக அங்கேயே இருக்கிறவர்கள். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. வடக்கில் யுத்தம், எங்கள் பக்கத்தில் சோதனைச் சாவடிகள். படித்த பெண்ணுக்கு வேலை கிடைக்குமோ இல்லையோ, கம்பியூட்டர் படித்தவளுக்குக் கிடைக்கும் என்று யாரோ அப்பாவிடம் சொல்லியிருந்தார்கள். திருகோணமலை வீதியில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் வகுப்பு. கீழே பாண் வேகும்போது எங்களுக்கு மேலே பசி எடுக்கும். கம்பியூட்டர் இரண்டே இரண்டு. அவற்றுக்குத் துணி போர்த்தி வைத்திருப்பார்கள். பாடம் எடுத்த சேர் அந்தத் துணியை எடுக்கிற நாளில் பெரும்பாலும் கரண்ட் இருக்காது. அதனால் எல்லாம் கடதாசியில்தான்.

தரவு எங்கிருந்து வந்து எங்கே போகிறது என்று காட்டும் படம்தான் அந்தப் பாடத்தின் உயிர். வேலை நடக்கிற இடத்துக்கு வட்டம், வெளியே இருக்கிற ஆட்களுக்குப் பெட்டி, வைத்து எடுக்கிற இடத்துக்கு இரண்டு கோடு, நடுவில் அம்புக்குறிகள். நான் ஐந்து ரூபாய்க் குற்றியைக் கடதாசியில் வைத்து அதைச் சுற்றி வட்டம் போடுவேன். நஸீமா வெறும் கையாலேயே போடுவாள். அதுவும் வட்டமாகவே வரும். அவளுடைய அம்புக்குறிகள் ஒன்றையொன்று வெட்டாது. என்னுடையவை ஒன்றின் மேல் ஒன்று ஏறி, பஸ் ஸ்டாண்டில் ஆட்கள் ஏறுகிற மாதிரி இருக்கும். சேர் அவளுடைய படத்தை உயர்த்திப் பிடித்து, “மே பலன்ன, இதப் பாருங்க” என்று சிங்களத்திலும் தமிழிலும் சொல்வார். நான் அதைப் பார்க்காமல் சுவரைப் பார்ப்பேன்.

கொடுமை என்னவென்றால் அவள் நல்லவள். கர்வம் இருந்திருந்தால் வெறுப்பது சுலபமாக இருந்திருக்கும். எனக்கு அந்த வசதியையும் அவள் கொடுக்கவில்லை. பக்கத்து வாங்கிலிருந்து தலையை நீட்டி, “சுகி, இந்த அம்ப கீழால கொண்டு போங்களேன், வெட்டாது” என்பாள். கொண்டு போனால் வெட்டாது.

3

ஞாயிற்றுக்கிழமை இங்கே மத்தியானம், அங்கே காலை. ஆரணி தன் அறையில் டெலிபோனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுக் கதைப்பாள். அறைக்கு வெளியே உடுப்பு மடிக்க எனக்கு நிறைய உடுப்பு இருக்கும். மடித்ததையே திரும்ப மடித்த நாட்களும் உண்டு.

“மகள், எப்படி ஈக்கிறீங்க? சாப்பிட்டாச்சா?”

“சாப்பிட்டேன் ஆண்டி. நீங்க?”

“நாங்க காலைலயே பாண் சாப்பிட்டுட்டோம். மாமா இங்கதான் ஈக்காரு, உங்கட கேள்விக்குப் பயந்து.”

மாமா என்றால் நஸீமாவின் மாமனார். ஊரில் ஹாஜியார் என்று சொல்வார்கள். மாத்தளைக்கு வடக்கே ஏ ஒன்பது வீதி ஓரத்தில், பலாபத்வலயில், மிளகும் ஏலமும் கொக்கோவும் நிற்கிற அந்தத் தோட்டம் அவருடையது. உல்லாசப் பயணிகள் வேனில் வந்து இறங்குவார்கள், சுற்றிப் பார்ப்பார்கள், கடையில் வாங்கிக்கொண்டு சீகிரியாவுக்குப் போவார்கள். எங்கேயாவது குண்டு வெடித்தால் வேன் வராது. அப்படியான மாதங்களில், முன்பு வந்துபோனவர்கள் வெளிநாட்டிலிருந்து கடிதம் எழுதிக் கேட்கிற ஓடர்களை நம்பித்தான் அடுப்பு எரியும். அந்தக் கடிதங்கள் ஹாஜியாரின் மேசை லாச்சிக்குள் போகும். சில வெளியே வரும், சில வராது. நஸீமாவுக்கு அதைச் சரி செய்ய வேண்டும். ஆரணிக்கும் அதுதான் வேலை.

எனக்குப் பொறுக்காதது வேறு. பத்து வயதில் தமிழை விட்டுவிட்டவள் ஆரணி. நான் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் வரும். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குக் காரில் ஏற்றுவதற்கு நான் பட்ட பாடு அக்கம்பக்கத்துக்கே தெரியும். இப்போது அவளே தேடித் தேடித் தமிழ் பேசுகிறாள். அதுவும் யாருடைய தமிழ்? ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் அப்பாவைப் பார்த்து, “அப்பா, உப்பு ஈக்கா?” என்று கேட்டாள், இருக்கா என்பதை நஸீமா சொல்கிற மாதிரி. என் கணவர் யாழ்ப்பாணத்துப் பருத்தித்துறைக்காரர். கரண்டியை வைத்துவிட்டு, “இதை எங்க பிடிச்சனி?” என்றார்.

“செல்லுங்கப்பா, ஈக்கா இல்லையா?”

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இங்கே கலியாண வீடுகளில் நான் வாயைத் திறந்ததும், “நீங்கள் இந்தியாவோ?” என்று யாழ்ப்பாணத்து அம்மாமார் கேட்பார்கள். மாத்தளை என்றால், “ஓ, தேயிலைத் தோட்டமோ?” என்பார்கள். அப்பாவுக்குக் கச்சேரியில் வேலை என்று விளங்கப்படுத்தி முடிப்பதற்குள் வடை ஆறிவிடும். என் பேச்சு எந்தச் சபையிலும் சேராத பேச்சு என்று நினைத்துத்தான் நானே அதைப் பிள்ளையிடம் வற்புறுத்தாமல் விட்டேன். நான் கொடுக்கக் கூச்சப்பட்டதை நஸீமா டெலிபோனில் ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருக்கிறாள்.

4

ஹரி என்ற சொல்லைப் பற்றி ஊரில் உள்ளவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. வேறு இடங்களிலிருந்து வாசிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். சிங்களச் சொல். சரி என்று அர்த்தம். மாத்தளையில் தமிழரும் முஸ்லிம்களும் அதைத் தங்கள் சொல்லாகவே வைத்துக்கொண்டு நாள் முழுதும் பேசுவார்கள்.

வகுப்பு முடிகிற சமயம் சேர் எங்களை இரண்டு இரண்டு பேராகப் பிரித்து ஒவ்வொரு இடத்துக்கு அனுப்பினார். எனக்கும் நஸீமாவுக்கும் சீகிரியாவுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஹோட்டல். அறை பதிவுசெய்கிற வேலையை ஆராய வேண்டும். பஸ்ஸில் போனோம். வழியில் சாவடி. எல்லாரும் அடையாள அட்டையை நீட்டினோம். என்னைப் பிரசவிக்க அம்மா ஊருக்குப் போயிருந்ததால், என் அட்டையில் பிறந்த இடம் வடக்கில் இருந்தது. இறங்கச் சொன்னார்கள். நஸீமாவை யாரும் இறங்கச் சொல்லவில்லை. அவளும் இறங்கினாள். என் பக்கத்தில் நின்று, ஆமிக்காரனோடு சிங்களத்தில், வகுப்பு, சேர், ஹோட்டல், பரீட்சை என்று பேசிக்கொண்டே இருந்தாள். பஸ்ஸும் காத்திருந்தது. கடைசியில் அவன் சலித்துப்போய் எங்களைப் போகச் சொன்னான்.

திரும்ப ஏறி உட்கார்ந்த பிறகும் நான் அட்டையைப் பைக்குள் வைக்காமல் இறுக்கிப் பிடித்திருந்தேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு நன்றி வந்தது. அதோடு சேர்ந்து இன்னொன்றும் வந்தது. அவளுக்கு இறங்காமல் இருக்கிற உரிமை இருந்தது, அதை விட்டுக்கொடுக்கிற பெருமையும் அவளுக்கே. எனக்கு இறங்குவது ஒன்றுதான் இருந்தது.

ஹோட்டல் மேனேஜர் நல்ல மனிதர். தேத்தண்ணீர் கொடுத்தார். நான் கேள்விகளை வரிசையாக எழுதிக்கொண்டு போயிருந்தேன். அறைச் சாவி கொடுக்கும்போதே பெயரைப் பதியலாமா? ஹரி ஹரி. முன்பணம் வாங்காமல் அறை ஒதுக்கக் கூடாது என்று வைக்கலாமா? ஹரி ஹரி. வேன் டிரைவர்மாருக்கு ஒதுக்குகிற அறையையும் பதிவில் சேர்க்கலாமா? ஹரி ஹரி நங்கி, தங்கச்சி என்று வேறு கூப்பிட்டார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் சரி அடையாளம் போட்டேன்.

நாங்கள் வரைந்து முடித்த வடிவத்தை மேனேஜரிடம் கொண்டுபோய்க் காட்டியபோது, அவர் மரியாதையாகப் பார்த்துவிட்டு, இதில் ஒன்றும் எங்களுக்குச் சரிவராதே என்றார். நான் அழுகிற நிலைக்கு வந்துவிட்டேன். எல்லாவற்றுக்கும் நீங்கள் சம்மதித்தீர்களே என்று கேட்க வாயெடுத்தேன். நஸீமா என் காலை மிதித்தாள்.

பஸ்ஸில் வரும்போதுதான் விஷயம் வெளியே வந்தது. ஒரு ஹரி என்றால் சம்மதம். இரண்டு ஹரி என்றால் கேட்டது போதும், பேச்சை விடு என்று அர்த்தம். முகத்துக்கு நேரே இல்லையென்று சொல்ல நம் ஆட்களுக்கு வராது, அதனால் சம்மதத்தையே இரண்டு தரம் சொல்லி மறுத்துவிடுகிறார்கள். டிரைவர்மாருக்கு இலவசமாக அறை கொடுக்காவிட்டால் அவர்கள் அந்த ஹோட்டலுக்குப் பயணிகளைக் கொண்டுவரமாட்டார்கள். அதைப் பதிவில் ஏற்ற எந்த மேனேஜர் ஒத்துக்கொள்வார்? பாடப் புத்தகத்தில் இது இல்லை. நாங்கள் எல்லாக் கேள்வியையும் திரும்பக் கேட்டு, ஹரிகளை எண்ணி, படத்தைத் திரும்ப வரைந்தோம். சேர் அதை வகுப்பு முழுவதற்கும் காட்டினார். படம் நஸீமாவின் கையெழுத்தில் இருந்தது. அதனால் பெயரும் அவளுக்கே போனது என்பது என் முடிவு.

5

அந்த ஹோட்டல்காரர்களுக்கு மாத்தளையில் ஒரு கந்தோர் இருந்தது. அங்கே ஓர் ஆளை எடுத்தார்கள். இருவரும் விண்ணப்பித்தோம். எனக்குப் பொலிஸ் ரிப்போர்ட் வர நாளாகும், காத்திருக்க முடியாது என்றார்கள். நஸீமாவுக்கு வேலை கிடைத்தது. அவள் எங்கள் வீட்டுக்கு வந்து அழுதாள். நான் தேத்தண்ணீர் போட்டுக் கொடுத்தேன். அந்தக் கிழமையே அப்பா, இனி இந்த நாடு சரிவராது என்று சித்தப்பாவுக்கு மெல்பர்னுக்குக் கடிதம் எழுதினார்.

அதற்குப் பிறகு கொஞ்ச நாள் அவளும் எழுதினாள், நானும் எழுதினேன். அவளுக்குக் கலியாணம், எனக்குக் கலியாணம். விலாசங்கள் மாறின. சண்டை என்று ஒன்றும் இல்லை. இருந்திருந்தால் சமாதானமாவது ஆகியிருக்கலாம்.

இங்கே என் சான்றிதழை மதிப்பிடுகிற இடத்துக்கு அனுப்பினேன். படித்த நிறுவனத்திலிருந்து பாடத்திட்டம் வேண்டும் என்று பதில் வந்தது. நிறுவனம் மூடிவிட்டது, கீழே இருந்த பேக்கரிதான் இருக்கிறது என்று எழுதினேன். அப்படியானால் ஒப்பிட முடியாது என்று மறுபடியும் பதில். பெயர் நிரப்புகிற பத்திரத்திலும் ஒரு கூத்து. எங்கள் வழக்கப்படி அப்பாவின் பெயரை முன்னால் எழுதினேன். அதையே என் பெயராக எடுத்துக்கொண்டார்கள். டாக்டர் வீட்டில் என்னை இன்றைக்கும் அப்பாவின் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். நான் எழும்பிப் போகிறேன். அந்தப் பெயர்க் கட்டத்தை வடிவமைத்தவனை ஒரு நாள் மாத்தளைக்கு அனுப்பி எங்கள் வகுப்பில் இருத்த வேண்டும்.

இப்போது எனக்கு ஓர் ஆஸ்பத்திரியின் பதிவுப் பகுதியில் வேலை. வருகிற பத்திரங்களைக் கம்பியூட்டரில் ஏற்றுவது. போன வருடம் புது சிஸ்டம் கொண்டு வந்தார்கள். அதற்காக ஓர் இளம் பையன் வந்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பேட்டி எடுத்தான். முதல் தடவையாக நான் மேசையின் மறுபக்கத்தில் உட்கார்ந்தேன். அவன் கேட்ட கேள்வியெல்லாம் எனக்குத் தெரிந்த கேள்விகள். எந்தக் கேள்வியை அவன் கேட்காமல் விடுகிறான் என்பதும் தெரிந்தது. நானும் இது படித்தவள் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. அவன் கடிகாரத்தைப் பார்த்தான். புதிய திரை உங்களுக்குச் சரியா என்று கேட்டான். “ஃபைன், ஃபைன்” என்றேன். அவன் சந்தோஷமாகச் சரி அடையாளம் போட்டுக்கொண்டு போனான்.

வீட்டுக்கு வரும் வழியில் ரயிலில் எனக்கு அவன்மேல் வந்த எரிச்சலைச் சொல்லி மாளாது. என் இடத்தில் அவன் இருந்தான். இப்போது என் மகளும் அந்த இடத்துக்குத்தான் போகிறாள். போகட்டும், பெற்றவளுக்கு அதைவிட என்ன வேண்டும்? ஆனால் அந்த இடத்துக்கு வழி கேட்க நஸீமாவிடம் போக வேண்டுமா?

6

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் வழக்கம்போல உடுப்பு மடித்துக்கொண்டிருந்தேன். உள்ளே ஆரணி ஹாஜியாரிடம் கேட்டாள்.

“ஓடர் கடிதம் வந்த உடனே நஸீமா ஆண்டி திறந்து கம்பியூட்டர்ல பதியலாமா?”

“ஹரி ஹரி மகள்.”

“பதிஞ்ச பிறகு நீங்க லிஸ்ட்டைப் பார்த்தா போதும்தானே?”

“ஹரி ஹரி.”

என் கையிலிருந்த துவாய் அப்படியே நின்றது. அன்று பின்னேரம் ஆரணி சாப்பாட்டு மேசையில் விட்டுவிட்டுப் போன கடதாசியைப் பார்த்தேன். இரண்டு கேள்விக்கும் எதிரில் ‘சம்மதம்’ என்று ஆங்கிலத்தில் பச்சை நிறத்தில் எழுதியிருந்தாள். கடைசியில் ஹாஜியார் பார்த்து ஏற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வைத்தால்தான் அவள் அந்தப் பாடத்தில் சித்தியடையலாம். இப்படியே போனால் அவர் வைக்கமாட்டார் என்பது எனக்கு அச்சொட்டாகத் தெரியும்.

நான் சொல்லவில்லை.

சொல்லியிருக்க வேண்டும். ஆனால் மனசு வேறு கணக்குப் போட்டது. அந்த நஸீமாவும் பக்கத்தில்தானே இருந்தாள், அவளுக்குத் தெரியாதா, அவளே சொல்லட்டும். சொல்லாவிட்டால் எல்லாம் தெரிந்த ஆண்டியின் லட்சணம் ஆரணிக்கும் விளங்கட்டும். பிறகு என்னிடம் வரட்டும். இப்படி யோசித்துக்கொண்டு அந்தக் கிழமை முழுதும் சமைத்தேன். கறியில் உப்புக் கூடியது என்று கணவர் சொன்னார். யாருக்கு எழுதின தோல்வியைப் பார்த்து யார் சந்தோஷப்படுவது? அது என் பிள்ளையின் பரீட்சை.

வெள்ளிக்கிழமை தாங்க முடியவில்லை. ஆரணி குளிர்சாதனப் பெட்டியைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றாள்.

“ஆரணி, அந்த ஹாஜியார் ஹரி ஹரின்னு சொன்னாரே, அது சம்மதம் இல்ல. ரெண்டு தடவ சொன்னா வேணாம்னு அர்த்தம். அந்த ரெண்டு கேள்வியையும் திரும்பக் கேளு.”

அவள் திரும்பிப் பார்த்தாள். “தெரியும் அம்மா. ஆண்டி திங்கட்கிழமையே கோல் பண்ணிச் சொன்னாங்க. நான் மாத்திட்டேன். கடிதம் முதல்ல ஹாஜியார்கிட்டத்தான் போகும். அவருக்கு அந்த லெட்டர்ஸ் வாசிக்கிறதுதான் ஹாப்பி. வாசிச்ச பிறகு ஒரு தட்டுல போடுவாரு, ஆண்டி அதை எடுத்துப் பதிவாங்க. நேத்துக் கேட்டேன், ஒரு ஹரி சொன்னாரு. சைனும் பண்ணிட்டாரு.”

ஒரு கிழமை நான் பத்திரமாகப் பொத்தி வைத்திருந்த வன்மத்துக்கு ஒரு வேலையும் இருக்கவில்லை. “ஓ, அவ சொல்லிட்டாளா” என்றேன்.

“ஆனா ஆண்டி சொன்னாங்க, இது அவங்க கண்டுபிடிச்சது இல்லையாம். நீங்கதானாம். சீகிரியாவில இருந்து வரக்குள்ள பஸ்ஸில நீங்கதான் அழுதுகிட்டே சொன்னீங்களாம், ‘அவரு எல்லாத்துக்கும் ரெண்டு ஹரி சொன்னாருடி’ன்னு. ‘உங்க அம்மாவுக்குக் காது அப்படி’ன்னு சொன்னாங்க.” பால் போத்தலை எடுத்துக்கொண்டு, “நீங்க ஏன் எனக்கு இதெல்லாம் சொல்லல?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் போய்விட்டாள்.

நான் குளிர்சாதனப் பெட்டியை மூடினேன். எனக்கு அப்படி ஒன்றும் ஞாபகம் இல்லை. என் ஞாபகத்தில் அதைச் சொன்னது நஸீமா. இத்தனை வருடம் அதற்காகவும் அவள்மேல் எரிச்சல்பட்டிருக்கிறேன். அவள் எனக்காகப் பொய் சொல்கிறாள், இல்லாவிட்டால் நான் என்னையே மறந்திருக்கிறேன். இரண்டில் எது உண்மை என்றாலும் எனக்குப் பிடிக்கவில்லை. பொய் என்றால் அதிலும் அவள் என்னைவிட நல்லவள். உண்மை என்றால், எனக்குச் சொந்தமான ஒன்றை இவ்வளவு காலம் பத்திரமாக வைத்திருந்தது நான் இல்லை, அவள்.

7

போன புதன்கிழமை எனக்கு லீவு. மத்தியானம் டெலிபோன் அடித்தது. ஆரணி பல்கலைக்கழகத்துக்குப் போயிருந்தாள்.

“ஹலோ” என்றேன்.

“மகளா? ஆண்டி பேசுறேன். மார்க்ஸ் வந்ததான்னு கேக்கத்தான் எடுத்தேன், பொறுக்க ஏலாம.”

எனக்கும் ஆரணிக்கும் டெலிபோனில் ஒரே குரல் என்று எல்லாரும் சொல்வார்கள். ‘இல்லை, நான் அம்மா’ என்று சொல்ல ஒரு நொடி போதும். அந்த நொடி போய்விட்டது.

“நொட் யெட், ஆண்டி” என்றேன். ஆரணி சொல்கிற மாதிரியே சொன்னேன். எனக்கே வெட்கமாக இருந்தது.

“வரும் மகள், இன்ஷா அல்லாஹ் நல்லா வரும். மாமா இப்ப எல்லாரிட்டயும் செல்லிக்கிட்டுத் திரியுறாரு, மெல்பர்ன்ல ஈக்கிற எங்கட புள்ள செஞ்ச சிஸ்டமாம். தட்டுல கடிதத்தப் போடும்போது மூணு தரம் என்னைக் கூப்பிடுறாரு. இங்க மழ. வேன் ஒண்டும் வாரல்ல. நான் சும்மா குந்திக்கிட்டு ஈக்கேன்.”

“ம்” என்றேன்.

அவள் பேசிக்கொண்டே போனாள். தோட்டத்தில் கொக்கோ காய்த்திருப்பதை, மகனுக்குக் காய்ச்சல் வந்து போனதை, பேக்கரிக்காரர் கட்டிடத்தை இடித்துக் கட்டுவதை. ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவி, இடையில் தானே சிரித்து. முன்பும் அப்படித்தான். சீகிரியாவுக்குப் போகிற பஸ்ஸில் என் கையைப் பிடித்துக்கொண்டு, என் பயம் தெளியும்வரை இதே குரலில்தான் எதையாவது பேசிக்கொண்டு வந்தாள். நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். அடுப்பில் சோறு பொங்கி வழிகிற சத்தம் கேட்டது. போகவில்லை.

இவ்வளவு நாளும் நஸீமா என் மகளைப் பறித்துக்கொண்டாள் என்று நினைத்திருந்தேன். அது பிழை. என் மகள்தான் என் நஸீமாவை எடுத்துக்கொண்டாள். நான் பொறாமைப்பட்டது ஆரணிமேல். ஞாயிற்றுக்கிழமைகளில் கதவுக்கு வெளியே நின்று நான் மடித்ததெல்லாம் அதற்காகத்தான்.

“மகள், லைன்ல ஈக்கிறீங்களா? ஒண்டும் பேசுறீங்க இல்ல.”

“இருக்கேன் ஆண்டி.”

அந்தப் பக்கம் ஒரு கதவைச் சாத்துகிற சத்தம். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டாள். “உங்கட அம்மா பக்கத்துல ஈக்காவா? இத்தன நாளா ஒரு தரம் சரி போனுக்கு வாரல்லயே. எனக்கு அவவோட கொஞ்சம் பேசணும். ஒருக்காக் குடுங்களேன்.”

நான் ரிசீவரை வலக் கையிலிருந்து இடக் கைக்கு மாற்றினேன். மற்றக் காதில் வைத்தேன்.

“நஸீமா” என்றேன். “நான்தான்டி.”